கத்தி படாத கழுத்து

என் உயிரான நைனாவுக்கு,

இன்றைக்கு உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. நீ கண்மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இப்படி ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது இன்றுதான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கிருத்திகை நாள். மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வந்த முனிரத்தினமும் அவன் மனைவி கௌரியும் அங்கிருந்து நடந்தே என் ஸ்கேன் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அவன் தறி ஓட்டுகிறவன். அவள் கையில் பிறந்து இருபத்தைந்து நாளான பெண் குழந்தை.

"கொயந்த தலைய ஒரே பக்கமா சாச்சிக்கினே இருக்குதுங்க மேடம். கயுத்துல கட்டி. அறுத்துப் பாத்தாதான் இன்னான்னு தெரியுமாம்" என்றான் அவன். கௌரி குழந்தையின் கழுத்தை முந்தானையால் மூடி மூடி வைத்தாள்.

அந்த அப்பனைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. என்னையும் ஒரு மாதக் குழந்தையாக, இதே மாதிரி கட்டியோடு தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினாயே. அறுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். நான் டாக்டரான பிறகும் என் கழுத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், "அறுக்கச் சொல்லிக் கையெயுத்துப் போட்டவன் நான்தானம்மா" என்பாய். அப்போது நம் பக்கத்தில் வேறு வழி எங்கே இருந்தது, நைனா? இதை உன்னிடம் ஏன் நேரில் சொல்லாமல் விட்டேன்?

உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய ஜெல்லைக் குழந்தையின் கழுத்தில் தடவி, கருவியை வைத்தேன். அது அழக்கூட இல்லை. காதுக்குப் பின்னாலிருந்து மார்புக்கு இறங்கும் தசை, நூல் சுற்றிய ராட்டைக் கதிர் போல நடுவில் புடைத்திருந்தது. தலையைத் திருப்பினால் கட்டியும் தசையோடு சேர்ந்து நகர்ந்தது. பிறக்கும்போது தசை நசுங்கினால் இப்படி வரும் என்கிறார்கள். பெரும்பாலும் தானே கரைந்துவிடும். ஆனால் ஒரு ஓரம் மட்டும் வழக்கம் போலத் தெரியவில்லை. அதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

"தடுப்பூசி மாதிரி சின்ன ஊசிதான். துளி எடுத்துப் பாத்துடலாம்" என்றேன்.

"ஊசி குத்துனா உள்ள பரவிடும்னு சொல்றாங்களே?" என்றான் முனிரத்தினம்.

அப்போதுதான் கௌரி வாயைத் திறந்தாள். "கத்தி வெக்கறதுக்கு இது தேவல. நீ கம்முனு இரு. எடுங்க மேடம்."

ஊசிமுனையைத் திரையில் பார்த்துக்கொண்டே எடுத்தேன். மாலையில், அதை நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டரம்மாவின் அறை வாசலுக்கே போய்விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தசையும் நாரும்தான், தேவி. கெட்டது ஒண்ணுமே இல்ல."

கீழே காத்திருந்தவர்களிடம் படிகளில் ஓட்டமாக இறங்கினேன், நைனா. நாற்பதை நெருங்கும் டாக்டர் இப்படி ஓடினால் யார் மதிப்பார்கள்? "அப்போ அறுக்க வாணாமா?" என்று முனிரத்தினம் மூன்று தடவை கேட்டான். "ஆங், வாணாம்பா" என்று நானும் மூன்று தடவை சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.

அப்புறம் கழுத்தை மெல்லத் திருப்பும் பயிற்சிதான். சொல்லிக் கொடுத்தபடி கௌரி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இன்று காலை வந்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், கட்டியைக் காணோம். ஸ்கேனிலும் தேடினேன், காணோம்! கௌரி கிலுகிலுப்பையை ஆட்ட ஆட்ட, குழந்தை இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. நான் கைதட்டிவிட்டேன்.

வருகிற புதன்கிழமை பள்ளிப்பட்டுக்குப் போகிறேன், தடுப்பூசி போடும் நர்ஸ்களிடம் பேச. தலை சாய்ந்த குழந்தை யாரிடம் வந்தாலும், முதலில் ஸ்கேனுக்கு அனுப்பச் சொல்வேன். வருகிற குழந்தையை அன்றைக்கே பார்ப்பேன். என்ன கட்டி என்று தெரியாமல் ஒரு தாயும் என் அறையிலிருந்து வீடு திரும்பமாட்டாள். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் மூத்த பொண்ணு,
தேவி