குடிகாரன் என்று நான் சொன்ன மச்சானுக்கு

என் தங்கையைக் கட்டிக்கொண்டவனே, என் பிரியமான பொய்க்காரா, தணிகாசலம்,

நீ போய் இரண்டு உப்புப் பருவம் முடிந்துவிட்டது. அஞ்சலை தினமும் உன் படத்துக்குப் பூ வைக்கிறாள். நான் வைப்பதில்லை. எனக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. இந்தக் கடிதத்தை ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும். அன்றைக்கு உப்பளத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தானே.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நீ பெண் பார்க்க வந்தது சித்திரை வெயிலில். முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான். நான்தான் அம்மாவிடம், "மாப்ள டீசன்ட்டா இருக்கார்மா, ஆபீசர் மாதிரி" என்றேன். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அஞ்சலை வந்து அழுதாள். முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் தோல் தடித்து, வெடித்து, நீர் கசிகிறதாம். கரப்பான். சின்னப் பிள்ளையிலிருந்தே இருக்கிறதாம். உன் வீட்டில் நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். எங்களுக்கு மட்டும் தெரியாது.

அதை நான் மறக்கவில்லை. நான் மேஸ்திரியாக இருந்த உப்பளத்தில் உனக்கு வேலை கொடுத்தேன், ஆனாலும் மறக்கவில்லை. வெடித்த தோலில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பாத்தியில் இறக்கினேன். "உப்புத் தண்ணியில ஊறினா எந்தச் சொறியும் போயிடும்பா" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நான் அதைப் பாதிதான் நம்பினேன். மீதிப் பாதி, கொஞ்சம் எரியட்டுமே என்பதுதான்.

நீ ஒரு நாளும் முறைக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து நீ சொன்னாய்: "இந்தத் தோலை உரிச்சு இங்கயே போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம் போல இருக்குது மச்சான்."

"உரிச்சுப் போடு. உப்பு தடவிக் காயவெப்போம். கருவாட்டு வெலைக்குப் போகும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் பல மாதம் நீ யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவாய். உனக்கு மண்டைக்கனம் என்று நினைத்தேன்.

மதியத்தில் உப்புக் குவியல் ஓரம் நீ உட்கார்ந்தபடியே தூங்கிப் போவாய். சோம்பேறி என்று பேர் வைத்தேன். ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே விழித்திருப்பவன் பகலில் தூங்காமல் என்ன செய்வான் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? காலையில் வந்ததும் இருபது தும்மல் தும்முவாய். "வந்துட்டாருப்பா, பத்த வெச்ச பட்டாசு" என்பேன். கண் எப்போதும் சிவந்திருக்கும், கசக்கிக்கொண்டே இருப்பாய். அதற்கு என்ன பேர் வைத்தேன் என்று உனக்கே தெரியும்.

அந்தக் களிம்பு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உனக்கு மூச்சிளைப்பு ஆரம்பித்தபோது, தோலில் இருந்ததைக் களிம்பு பூசி அமுக்கியதால்தான் அது நெஞ்சுக்குள் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து மூன்று டியூபையும் எடுத்து வாய்க்காலில் வீசினேன். "வெளிய வந்தா உள்ள சரியாயிடும்" என்று அஞ்சலையிடம் வைத்தியன் மாதிரி சொன்னேன். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஏன் தடுக்கவில்லை? மூன்று டியூபுக்காகக்கூட என்னோடு சண்டை போட உனக்குத் துப்பில்லையா?

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். லாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தோம். நீ கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து வந்தாய். கால் பின்னியது. கண் ரத்தமாக இருந்தது. ஏதோ சொல்ல வந்தாய், ஒரு வார்த்தை வெளியே வந்தது, அடுத்தது வரவில்லை. நம் கரையில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்ததற்கப்புறம் எவன் தள்ளாடினாலும் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். எனக்குச் சந்தேகம்கூட இல்லை, முடிவே பண்ணிவிட்டேன்.

"காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டான். நாக்கு குழறுது பாரு. அந்தக் கொட்டாய் நெழல்ல போய் உக்காரச் சொல்லு."

நீ போய் உட்கார்ந்தாய். நான் சொன்னால் கேட்பாய் அல்லவா, எப்போதும்? லாரி நிறைந்ததும் ஒருத்தன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். நீ வாங்கவில்லை.

உன் வாயை நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, மச்சான். அது ஒரு நொடி வேலை.

சரி, இப்போது உன் மகள் சேதி. துர்காவுக்கும் கரப்பான் இருக்கிறது, உனக்குத் தெரியும். போன தை மாதம் கழுத்தெல்லாம் கொப்புளமாகப் பரவிக் காய்ச்சல் அடித்தது. அஞ்சலைக்கும் உடம்பு சரியில்லை, அதனால் நான்தான் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. கழுத்தைப் பார்த்தாள், கிருமி ஏறியிருக்கிறது என்று மருந்து எழுதினாள். அதோடு விடவில்லை. காலையில் தும்மல் வருமா என்றாள். மூச்சில் விசில் சத்தம் வருமா, கண்ணைக் கசக்குவாயா, பார்வை மங்குதா, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று, துர்கா தலையாட்டத் தலையாட்டக் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில், "மனசு எப்படி இருக்கு? எதுவுமே வேணாம்னு தோணுதா?" என்றாள்.

 அவள் உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தோலுக்கு வந்தோம். கண்ணு, மூக்கு, மனசெல்லாம் எதுக்கும்மா?" என்றேன்.

"இது தோலோட நிக்கிறது இல்ல பெரியவரே. ஆஸ்துமா, தும்மல், கண்ணுல கோளாறு, தூக்கம் கெடுறது, மனச்சோர்வு, இதெல்லாம் கூட வரலாம். எல்லாருக்கும் எல்லாம் வராது. அதனாலதான் ஒவ்வொண்ணா கேக்கணும்."

"களிம்பு பூசினா உள்ள போயிடும்னு..."

"போகாது. யார் சொன்னது?"

நான் வேறொன்று கேட்டேன். மூச்சு முட்டுகிறவனுக்குப் பேச்சு வராதா? "ஒரு வரி முழுசா பேச முடியலைன்னா ரொம்ப ஆபத்து. அப்ப ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்கக் கூடாது" என்றாள். துர்கா என் முகத்தைப் பார்த்தாள். உன் சாவை அவள் முதல் முறையாகப் புரிந்துகொண்டது அந்த நாற்காலியில்தான். மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் எனக்கு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேள். ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அஞ்சலை அவளுக்கு முழுக்கை ஜாக்கெட் தைத்து வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. இன்னொரு பொய்க்கு இந்த வீட்டில் இடமில்லை என்று முடிவு பண்ணினேன். வழக்கப்படி மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"தாய்மாமன் என்ன சொல்றீங்க?"

சொன்னேன். பெண்ணுக்குக் கரப்பான், இளைப்பு உண்டு, கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இதெல்லாம் பிள்ளைகளுக்கும் வரலாம், இவள் அப்பன் இதில்தான் செத்தான். ஒன்றையும் விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த காபியைக் குடிக்காமலே கீழே வைத்தாள். "சீக்காளிய மூட்டை கட்டி அனுப்பப் பாத்தீங்களா? எழுந்திருடா" என்றாள். ஐந்து நிமிடத்தில் வீடு காலி.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சபையில் உண்மையைச் சொன்னவன் நான் ஒருத்தன்தான் என்று நினைப்பு.

துர்கா உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. "மாமா, அந்த மாப்பிள்ளைகிட்ட நான் ரெண்டு மாசம் முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். டாக்டர் சீட்டைக்கூட போன்ல அனுப்பினேன். அவன் சரின்னான். அவங்கம்மாகிட்ட மெதுவா சொல்றேன், டைம் குடுன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். துர்கா நிறுத்தவில்லை. "எங்கப்பாவைப் பாத்து நீயே முடிவு பண்ண. இன்னிக்கு என்னையும் பாத்து முடிவு பண்ண. என் ஒடம்பு, மாமா. அதை ஊர் நடுவுல ஏலம் விட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

தாய்மாமன் அதிகாரம் என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கினேன்.

அந்தப் பையன் அப்புறம் பேசவில்லை. அவன் கோழை என்கிறேன் நான். "நீ குறுக்க வராம இருந்திருந்தா அவன் கோழையா இல்லையான்னு எனக்கே தெரிஞ்சிருக்கும், மாமா" என்கிறாள் துர்கா.  இதற்கு நீ என்ன சொல்கிறாய்?

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், உன் புத்தி எனக்குத் தெரியும். அவ்வளவு சுலபமாக அந்தப் பாவம் என்னைவிட்டுப் போய்விடக் கூடாது. நீயும் அந்த முழுக்கைச் சட்டைக்காக என்னிடம் எதுவும் கேட்டுவிடாதே. நான் கொடுக்க மாட்டேன்.

வரும் புதன்கிழமை துர்காவுக்கு மறுபடி ஆஸ்பத்திரி. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தனித்தனி டாக்டர்கள், நாள் முழுக்க ஆகும். நானும் வருகிறேன் என்று அஞ்சலை மூலமாகச் சொல்லி அனுப்பினேன். பதிலும் அஞ்சலை மூலமாகத்தான் வந்தது. வரலாமாம். பையைத் தூக்கிக்கொண்டு வரலாமாம். உள்ளே டாக்டர் எது கேட்டாலும் அவள்தான் பேசுவாளாம், நான் வாயைத் திறந்தால் அதோடு சரியாம்.

அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக ஒருத்திக்குக் கட்டுப்படுகிறேன். வாயைத் திறக்க மாட்டேன், மச்சான். அவள் சொல்வது தப்பாக இருந்தாலும் திறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
ஏழுமலை