சூரை மீனின் வெளிச்சம்

திருகோணமலை
14.03.1982

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி?

துறைமுகத்தில் நாங்கள் மீன் சோதிப்பது தெரியும்தானே. பழுதான மீனில் ஒரு நஞ்சு ஊறும். அது மெஷினுக்குத் தெரியாது. ஒரு மருந்தை அதோடு சேர்த்தால்தான் ஒளிர்ந்து காட்டும். செவ்வாய்க்கிழமை சல்லிக் கிராமத்திலிருந்து மீன்பிடிக்கிற தங்கவடிவேல் ஐயா கொண்டுவந்த சூரை மீன் நன்றாக ஒளிர்ந்தது. படகு மீன் முழுவதையும் குழி வெட்டித் தாட்டுவிட்டார்கள்.

மறுநாள் வெறும் தண்ணீரைச் சோதித்தேன். அதுவும் ஒளிர்ந்தது. பிழை என் கையில்தான் அம்மா. இரண்டு நாளும் மதியம் நீங்கள் அனுப்பிய சூரைக் கருவாட்டைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டேன். சவர்க்காரம் முடிந்திருந்ததால் தண்ணீரில் மட்டும் கை கழுவினேன். கருவாட்டிலும் அந்த நஞ்சு துளியளவு இருக்கும், அது கையோடு சோதனைக்குள் போய்விட்டது.

எங்கள் வேலையிடத்துப் பெரியவரிடம் சொன்னேன். “தாட்ட மீனை எடுக்க ஏலாது, சீலா. இந்தக் கதையை விடும்,” என்றார்.

வாசலில் தங்கவடிவேல் ஐயா நின்றார். “மெஷின் பொய் சொல்லாதுதானே, பிள்ளை?”

“ஓம்,” என்றேன்.

என் வேலைக்கு ஒன்றுமில்லை, யோசிக்காதீர்கள். இரண்டு கட்டி சவர்க்காரம் அனுப்புங்கள். கருவாடு இனி வேண்டாம். கரண்டியால் சாப்பிடப் பழகுகிறேன், ருசிதான் தெரியவில்லை. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

மகள்
சீலா