அன்பளிப்புக் குடம்

1962 ஜூன் 3, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு வீட்டில் பெண்கள் கூட்டம். மதுரைக் கம்பெனிக்காரம்மா வெள்ளி முலாம் பூசிய பித்தளைச் சாமான்களைக் கூடத்தில் பரப்பிவிட்டார். இவை கடைக்கு வராதாம், இப்படி வீட்டில் கூட்டம் போட்டுத்தான் விற்பார்களாம். காபியும் கேசரியும் என்னுடையவை. பேச்சிலும் பாதி என்னுடையதுதான். "டீச்சரே சொல்றப்ப என்ன யோசனை?" என்று பக்கத்து வீட்டு மாயம்மாள், மகள் சின்னக்கண்ணுவின் கல்யாணச் சீர் மொத்தத்தையும் இதிலேயே எடுத்துவிட்டாள். சின்னக்கண்ணு என்னிடம் படித்த பிள்ளை. மற்றவர்களும் காபி குடித்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு எழ முடியாமல் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். வீடு கொடுத்த எனக்கு ஒரு குடமும் சொம்பும் இனாம். குடத்தைச் சின்னக்கண்ணுவுக்கே கொடுக்கப் போகிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8

சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெள்ளை உரிந்து மஞ்சள் தெரிகிறது. புளி ஆகாது என்று அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே. புளி படாத பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது? உரிந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 9

மாயம்மாளிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 15

சொல்லத்தான் போனேன். சாமான்களைப் பேர் வெட்டக் கொடுத்துவிட்டாளாம். பேர் வெட்டியதை எந்தக் கம்பெனி திருப்பி எடுக்கும்? "நீங்க குடுக்குற குடத்தையும் குடுங்க டீச்சர், சேத்தே வெட்டிப்புடலாம்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். சொல்ல வாய் வரவில்லை — இல்லை, இது பொய். வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

கல்யாணம். சீர்வரிசை பளபளவென்று இருந்தது. குடத்தின் கழுத்தில் 'அன்பளிப்பு: ரோஸ்மேரி டீச்சர்'. மாப்பிள்ளையின் தாய் அய்யம்மாள் அதைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் செஞ்சிருக்காக" என்றார். நான் பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டேன்.

நவம்பர் 4

சின்னக்கண்ணு வாழ்க்கைப்பட்ட ரெட்டியார்சத்திரத்துக்கு அவளைப் பார்க்கப் போனேன். குடம் திட்டுத் திட்டாக உரிந்து கிடக்கிறது. மாமியார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"போலிச் சாமானைக் குடுத்து ஏமாத்திட்டாகன்னு ஆரம்பிச்சாக. நாந்தேன் மணலப் போட்டுத் தேச்சுக் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏண்டி அப்படிச் சொன்ன?"

"அதுல உங்க பேரு இருக்குல்ல டீச்சர்."

பாத்திரம் துலக்கத் தெரியாதவள் என்று அந்தத் தெருவே பேசுகிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஐயோ, என்ன பண்ணிப்புட்டேன் நான்! அய்யம்மாள் காட்டு வேலைக்குப் போயிருந்தார். வரும்வரை காத்திருந்து சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த பஸ் இல்லையா என்ன?

நவம்பர் 6

கம்பெனிக்காரம்மா வந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொரு கூட்டம் போடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. இவரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

நவம்பர் 11

மறுபடி போனேன். முலாம் இல்லாத நல்ல பித்தளைக் குடம் ஒன்றையும், என் சொம்பையும் கொண்டுபோனேன். சொம்பின் உரிந்த பக்கத்தை அய்யம்மாளைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். "இது உரியும்னு கல்யாணத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும். பிள்ளை மேல தப்பில்லைங்க."

அவர் சொம்பை எடுத்து உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து, "சின்னக்கண்ணு, டீச்சருக்குக் காப்பித் தண்ணி கொண்டா ஆத்தா" என்றார். அந்தக் குரலில் பிள்ளை மேல் கோபம் இல்லை. குடித்தேன்.

புதுக்குடத்தை மட்டும் அவர் தொடவில்லை. "ஒங்க பேரு வெட்டுனது ஒண்ணு இருக்குல்ல, அதுவே இருக்கட்டும்."

புதுக்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.