வெள்ளிக்கிழமைக்குள் ‘ங்க’ போக வேண்டும்

14.7.97, திங்கள்

காலையிலிருந்து சாரல். உக்கடத்தில் காற்றுக்குக் குடை மல்லாந்துவிட்டது. கம்பி இரண்டு போச்சு.

கல்லூரியில் அதைவிட மோசம். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து தர ஆய்வுக்குழு. என் பேச்சு ஆங்கிலச் சான்றிதழ் வகுப்பைப் பார்ப்பார்களாம். தரம் இருந்தால் தொடரலாம், இல்லையென்றால் மூடிவிடலாம். மூடினால் நானும் வீட்டுக்கு. மூன்று வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். இந்த ஒரு வகுப்பை வைத்துத்தான் பிழைப்பு.

மத்தியானம் துறைத்தலைவர் (இனி து.த., எழுதி மாளாது) ஒத்திகை பார்க்க வந்தார். காங்கேயம் பஸ்ஸில் வரும் செல்வியை எழுப்பினார்.

“வாட் ஈஸ் யுவர் நேம்?”

“மை நேம் ஈஸ் செல்விங்க.”

“வேர் ஆர் யூ ஃப்ரம்?”

“ஃப்ரம் காங்கேயமுங்க, சாருங்க.”

து.த. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம்: “குழுத்தலைவர் மெட்ராசுக்காரருங்க மேடம். கேட்டாச் சிரிச்சுப்போடுவாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த ‘ங்க’வ எடுத்துப்போடோணுமுங்க.”

தான் எத்தனை ‘ங்க’ போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தேன்.

செய்ய வேண்டியவை: பாடத்திட்ட நகல். மேசை விரிப்பு துவைக்க. குடைக்காரர். ‘ங்க’.

15.7, செவ்வாய்

‘ங்க’ சொன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் வகுப்பே நின்றது. உட்கார்ந்திருந்தவன் ஜோசப் மட்டும். அவன் வாயே திறக்கவில்லை.

செல்வி: “அதச் சொல்லாம உட்டா பாதிச் சோத்துல எந்திரிச்ச மாதிரி இருக்குதுங்க மேடம்.”

நியாயம்தான். நானும் இந்த ஊர்க்காரிதானே.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. வாக்கியம் முடிந்ததும் உதட்டைக் கப்பென்று மூடிக்கொள்ள வேண்டும். “எஸ் சார்.” கப். “தேங்க் யூ சார்.” கப். வகுப்பு முழுக்க ஈயை விழுங்கியவர்கள் மாதிரி. ஆனால் ‘ங்க’ இல்லை.

வெள்ளி வரை வீட்டிலும் பஸ்ஸிலும் இப்படியே பழகுங்கள், தமிழிலும்தான் என்று சொல்லி அனுப்பினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

16.7, புதன்

ஸ்டாஃப் ரூம் வாசலில் கேன்டீன்காரர். “ஏனுங்க மேடம், உங்க கிளாஸ் புள்ளைங்களுக்கு நானு என்னங்க கொற வெச்சேன்? ‘டீ குடு’ங்குதுங்க. ‘சீக்கிரம் வா’ங்குதுங்க.”

‘குடுங்க’வில் ‘ங்க’வை எடுத்தால் மிஞ்சுவது ‘குடு’. எம்.ஏ. படித்தவளுக்கு இது தோன்றவில்லை. வெள்ளி வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். முனகிக்கொண்டே போனார்.

சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து எனக்கே ஒட்டிக்கொண்டது. சாப்பாடு போட்டுவிட்டு மாமியாரிடம், “அத்தை, சாப்பிட வா.”

அத்தை தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ரசத்துக்குள் எதையோ தேடினார்.

17.7, வியாழன்

காற்று, கரண்ட் இல்லை. அத்தையும் பேசவில்லை. காலேஜ், ஆய்வு, ஆங்கிலம் என்று விளக்கினேன். சுவரைப் பார்த்து, “இங்கிலீசு படிச்சா மாமியா ‘வா போ’ ஆயிருவா போல” என்றார்.

து.த.வுக்குச் சாப்பாட்டுக் கவலை. குழுவுக்குக் கோழியா, சைவமா? வழியில் பார்த்தபோதெல்லாம் கேட்டார். என் வேலை என்னாகும் என்று ஒரு வார்த்தை இல்லை.

பயமாக இருக்கிறது. மறுபடி பொள்ளாச்சி டுடோரியலுக்குப் போக முடியாது. அதைவிட இந்தப் பிள்ளைகளை விட முடியாது. சேர்ந்த புதிதில் பேர் கேட்டாலே அழுதவள் செல்வி. இப்போது அப்பாவின் எண்ணெய் மில்லைப் பற்றி ஆங்கிலத்தில் நிறுத்தாமல் பேசுகிறாள். தரம் என்று இதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழுவுக்கு எப்படிச் சொல்வது, தெரியவில்லை.

18.7, வெள்ளி

வந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தலைவர் சஃபாரி சூட். ஆங்கிலத்தில் கேட்டார், செல்வி ஆங்கிலத்தில் சொன்னாள். எண்ணெய் மில் முழுவதும் ஓட்டிக் காட்டினாள். ஒரு ‘ங்க’ இல்லை. “வெரி குட்” என்று குறித்துக்கொண்டார். து.த. என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்புறம் தலைவர் பேனாவை மூடிவிட்டு, “காங்கேயத்துல எந்தப் பக்கமுங்க அம்மணி? நமக்கு வெள்ளகோயிலுங்க” என்றார். மெட்ராசில் வேலை, அவ்வளவுதான். ஆள் நம்ம ஆள்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.” கப்.

“அப்பா நல்லா இருக்கறாருங்களா?”

“இருக்காரு.” கப்.

டீ வந்தது. செல்வி தானே எடுத்து, பணிவாகக் குனிந்து நீட்டினாள்: “சார், டீ குடி.”

தலைவர் முகம் மாறிவிட்டது. “இங்கிலீசு வந்துருச்சு. மருவாதி போயிருச்சுங்களே” என்று மறுபடி பேனாவைத் திறந்தார். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

து.த. குழைந்தார்: “இந்தப் புள்ள மட்டும் கொஞ்சம் வெடுக்குனு பேசுமுங்க சார்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துவிட்டேன். “அவ மேல தப்பில்லீங்க சார். நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துட்டு, ‘ங்க’ சொல்லப்படாதுன்னு நாந்தானுங்க பழக்கிப்போட்டேன். மூடறதுன்னா மூடிக்கங்க. அவளக் கொற சொல்லாதீங்க.”

து.த. சொல்லித்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தலைவர் டீயைக் குடித்தார். எதையோ குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வேலை போச்சு என்றே வீட்டுக்கு வந்தேன். கோழி மிச்சம் என்று து.த. டிபன் கேரியரில் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன்.

19.7, சனி

முதல்வருக்கு போன் வந்ததாம். வகுப்பு தொடரலாம். ஒரே நிபந்தனை: வாரம் ஒரு மணி நேரம் மரியாதைப் பேச்சும் சொல்லித்தர வேண்டும், அதையும் அந்த மேடமே எடுக்க வேண்டும். தற்காலிகம்தான், ஆனாலும் இன்னொரு வருடம். ஸ்டாஃப் ரூமில் வெட்கமில்லாமல் அழுதேன்.

வகுப்பில் சொன்னேன். செல்வி, “இனிமே சொல்லலாமுங்களா?” சொல்லலாம் என்றேன். ஜோசப்கூட வாய் திறந்தான்.

மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீடு. அத்தையிடம் எல்லாம் சொன்னேன். இனி மரியாதை சொல்லித்தரும் டீச்சரே நான்தான் என்றும் சொன்னேன். ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“ரொம்பச் சந்தோசமுங்க டீச்சர். நீங்க சாப்பிட்டீங்களாங்க?”

கல்யாணமான நாளிலிருந்து என்னைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்.