கூடத்தை அடைத்த படகு

மாப்பிள்ளைக்கு,

பல் டாக்டரிடம் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. மாலையில் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அதற்குள் கூடத்தில் கிடக்கும் உங்கள் படகை நகர்த்துங்கள். பாவம், அவரும் என்னைப் போல முட்டியை இடித்துக்கொள்ள வேண்டாம். துடுப்பைக் குளியலறையில் சாத்தாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் சொட்டச் சொட்ட வந்து, "மழையில நனைஞ்சுட்டேம்மா" என்றாள். நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். அன்றைக்கு ஒரு துளி மழை கிடையாது! உங்களோடு படகு விடும் நண்பர் இன்று காலையில் போன் செய்தபோதுதான் படகு ஆற்றில் கவிழ்ந்த கதை தெரிந்தது.

"லைஃப் ஜாக்கெட் ஒண்ணுதான் இருந்துச்சும்மா. அதை உங்க பொண்ணுக்குப் போட்டுவிட்டுட்டு உங்க மாப்பிள்ளை சும்மாவே ஏறிட்டாரு" என்றார்.

அதைக் கேட்ட பிறகு உங்களை முழுசாகத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரே ஒரு ஜாக்கெட்டோடு இரண்டு பேர் ஆற்றில் இறங்குவார்களா? இன்னொன்று வாங்கும்வரை படகை எடுக்கவே கூடாது.

அத்தை

பி.கு: குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் இல்லாமல் அவள் மட்டும் கரையேறி வந்திருந்தால், இந்த வீட்டில் நான் யாரைத் திட்டுவேன்?