லேமினேஷன் செய்த மருந்துச் சீட்டு

அக்கா,

கப்பல் பையின் ஜிப் உப்பேறிப் போனதால் புதுப் பை வாங்கினேன். பழையதைக் கவிழ்த்துத் தட்டியபோது அடி அட்டைக்குக் கீழிருந்து உங்கள் மருந்துச் சீட்டு விழுந்தது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. சீட்டில் ஒரு பூஞ்சைப் புள்ளிகூட இல்லை.

சென்னைக் கப்பலில் பேண்ட்ரி வேலை பார்ப்பவன் போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருந்தால், சென்னையில் வாங்கி வரச் சொல்லித் தெரு முழுக்க அவனிடம்தான் சீட்டு நீட்டும். மூக்குக் கண்ணாடி, மிக்ஸி ஜார், மாத்திரை. உங்கள் சீட்டு என் பையில் ஊறி மடிப்பில் கிழியத் தொடங்கியதும் நீங்களே ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதற்கு லேமினேஷன் போட்டு வந்தீர்கள். "இனி கடல்ல விழுந்தாலும் எழுத்து அழியாது தம்பி" என்றீர்கள். என்ன கெட்டிக்காரி என்று நானும் மெச்சினேன். இரண்டு பேருக்கும் புத்தி இல்லை.

முடக்குவாதம் வந்த புதிதில் காலையில் உங்கள் விரல்கள் விரியாது. பள்ளிச் சீருடை தைப்பவர் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, விரல் எப்போது திறக்கும் என்று உட்கார்ந்திருப்பீர்கள். மெயின்லேண்டில், சென்னையில் காட்டிய டாக்டர் மூன்று மருந்து எழுதினார். வாரம் ஒரு முறை போடுவது குமட்டியது, விட்டீர்கள். கால்சியம் தொண்டையில் மாட்டியது, அதையும் விட்டீர்கள். தினமும் போடும் சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் நின்றது. "அதைப் போட்டாத்தான் பட்டனுக்குக் காஜா எடுக்க முடியுது. அது போதும், வேற என்ன வேணும்?"

அதை ஆறு வருடம் வாங்கி வந்தவன் நான். கடையில் அந்தச் சீட்டை நீட்டினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் முகம் உருண்டு வந்தபோது, "அக்காவுக்கு மறுபடியும் கல்யாணக் களை வந்துடுச்சு" என்று கேலி செய்தவனும் நான்தான்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் வந்த நேரம், அரை வாளியைத் தூக்கினீர்கள். முதுகு பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று பத்து நாள் எண்ணெய் தேய்த்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. போர்ட் பிளேர் டாக்டர், "கித்னே சால் ஸே?" என்று, எத்தனை வருடமாக இந்த மாத்திரை என்று கேட்டார். ஆறு வருஷம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். வாதமே எலும்பை அரிக்குமாம். அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டு, முகம் உருண்டதும் அதனால்தானாம், எலும்பையும் அது சேர்ந்து அரிக்குமாம். நாற்பதிலேயே மாதவிடாய் நின்றது, ஒல்லி உடம்பு, வலிக்குப் பயந்து நடக்காதது, வெயில் படாமல் மெஷினும் கட்டிலுமாக இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு சீட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார். எட்டு வாரத்தில் வந்து காட்டவும், மாத்திரையைக் குறைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. லேமினேஷன் போட்ட நாளிலிருந்து அந்த வரி பிளாஸ்டிக்குக்குள் பளிச்சென்றுதான் இருந்தது.

திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாம். படிப்படியாகக் குறைத்தார், எலும்புக்கும் மருந்து தொடங்கினார். அடுத்த வருடமே குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவர் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

கட்டிலருகே நான் தலையைக் குனிந்து நின்றபோது, "நீ வாங்கியாரலன்னா வேற ஆள்கிட்ட சொல்லியிருப்பேன். ஆறு வருசம் தச்சேன்லா. மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத" என்றீர்கள். நீங்கள் சொன்னது நிஜம்தான். இருந்தும் எனக்கு ஆறவில்லை அக்கா. ஒரே ஒரு தடவை கடைசி வரிவரை படித்திருக்கலாம்.

போன மாதம் உங்கள் மகள் ஒரு சீட்டுடன் வந்தாள். அவளுக்கும் காலையில் விரல் விரியவில்லை. சென்னையில் காட்டி மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாள். அதே சின்ன வெள்ளை மாத்திரை தீரப்போகிறது, வாங்கி வரச் சொல்லித்தான் வந்தாள். நான் சீட்டைக் கீழிருந்து படித்தேன். இரண்டு மாதத்தில் வரவும் என்றிருந்தது.

"மாத்திரை வாங்கியாற மாட்டேன். உன்னையே கூட்டிட்டுப் போறேன்."

"லீவு கிடைக்காது மாமா. ஷிப் டிக்கெட்டும் நஹீ மிலேகா."

டிக்கெட்டுக்கு அலைந்தது நான். போகும்போது காலையில் அவளைக் கப்பலின் மேல்தளத்து வெயிலில் நடக்க வைத்தேன். திட்டிக்கொண்டே நடந்தாள், உங்களைப் போலவே. சென்னை டாக்டர் எலும்பு ஸ்கேன் எடுக்க வைத்தார். எலும்பு இன்னும் நன்றாக இருக்கிறதாம். சின்ன மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, புதுச் சீட்டு எழுதினார்.

திரும்பிவந்து துறைமுகத்தில் இறங்கும்போது சரியான மழை. சீட்டு நனைந்து மை பரவிவிட்டது. "லேமினேட் பண்ணிடலாமா மாமா?" என்றாள்.

"வேண்டாம்மா. நனைஞ்சா நனையட்டும். போய் வேற எழுதி வாங்குவோம்."

உங்கள் சீட்டைப் புதுப் பையின் மேலறையில் வைத்திருக்கிறேன். அடுத்த தேதி வரும்வரை அவளுடையதும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, ஓரம் கிழிந்து.