வெள்ளை உடுப்புக்குள் தாகம்

4, திங்கள்
காலை ஆறுக்கே வெயில். படப்பை கிரவுண்டில் 400 மீட்டர். கடைசி வளைவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும். போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டு இதில் கோட்டை விட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

வாங்க: வாழைப்பழம், சாக்ஸ், ஷாம்பு பாக்கெட்.

செகண்ட் ஷிஃப்ட். கார் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பகுதி, பெயிண்ட் ஷாப். பெயிண்ட் காய்ந்து வரும் கார் பாடியில் தூசி, திட்டு இருக்கா என்று ட்யூப்லைட் வரிசைக்கு நடுவே நின்று பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாக மிதந்து வருகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் கொஞ்சம் மிதக்கிறேன்.

ஷிஃப்ட் முழுக்கக் குடித்தது ரெண்டு மடக்கு தண்ணீர். குடித்தால் பாத்ரூம். பாத்ரூம் என்றால் தலையிலிருந்து கால்வரை மூடின இந்த வெள்ளை உடுப்பைக் கழற்றி, திரும்ப மாட்டி, தூசி போகக் காற்றடிக்கும் ரூமில் நின்று... கால் மணி நேரம். இங்கே எந்தப் பெண்ணும் குடிப்பதில்லை.

5, செவ்வாய்
கனவு. கார் பாடிகள் வரிசையாக வருகின்றன, எல்லாவற்றிலும் ஜன்னல் வரை தண்ணீர். ஒன்றில் மல்லாந்து படுத்துப் போனேன். அப்படி ஒரு குளிர்ச்சி. சூப்பர்வைசர்கூட கை காட்டினார்.

எழுந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது.

கால் பழகட்டும் என்று ரெண்டு ரவுண்டு கூடுதலாக ஓட்டம். பழகவில்லை. கிரவுண்டிலேயே உட்கார்ந்து அழுதேன். நாய் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

6, புதன்
பாத்ரூம் கதவில் புது நோட்டீஸ், கம்பெனி நர்ஸ் ஒட்டியது. சிறுநீர் நிறம், வெளிறியதிலிருந்து பழுப்பு வரை கட்டம் கட்டமாக; நிறம் ஏற ஏற உடம்பில் தண்ணீர் குறைவாம். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன்.

ஒரே வெள்ளையில் ரெண்டு ஷேடு வித்தியாசம் சொல்லுகிறவள் நான். என்னுடையது கடைசிக்கு முந்தின கட்டம். சந்தேகமே இல்லை.

நேராக நர்ஸிடம். "ஓடறியா? வேர்வைல போற தண்ணியும் உப்பும் திரும்ப யாரு குடுப்பா? கால் புடிக்காம இன்னா பண்ணும்? ஒரேடியா ஊத்திக்காத, கொஞ்சம் கொஞ்சமா குடி." உப்பு-சர்க்கரைப் பவுடர் ரெண்டு பாக்கெட் தந்தார்.

7, வியாழன்
ஷிஃப்டுக்கு முன்னாலேயே அரை பாட்டில். ஐந்தரைக்கு முட்டிக்கொண்டு வந்தது. லைனில் கை தூக்கினேன், முதல் தடவையாக.

சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்த்தார். "உன் எடத்துல நிக்க ஆள் இல்லம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்க."

காருக்கு அந்தப் பக்கம் நிற்கும் கலாக்கா, வாலாஜாபாத்காரர், மாஸ்க்குக்குள்ளிருந்து: "இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?"

"இல்லக்கா. தண்ணி குடிச்சிட்டேன்."

"அய்ய, இன்னாத்துக்கு?"

ஓட்டம், கால், நோட்டீஸ், எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். வேலை போய்விடுமோ என்றுகூட நினைத்தேன்.

கலாக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார்: "சார், அவ போவட்டும். ரெண்டு சைடும் நான் பாத்துக்கறேன்."

போய் வந்தேன். கலாக்கா கேட்டார்: "நாளிக்கு நானும் குடிக்கறேன். நீ பாத்துப்பியா?"

8, வெள்ளி
கலாக்கா ரெண்டு தடவை, நான் ரெண்டு தடவை. ஒரு தூசிகூட தப்பவில்லை. சூப்பர்வைசர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு அடுத்த லைனுக்குப் போனார்.

9, சனி
நிறம்: முதல் கட்டம். மெதுவாக ஒரு ரவுண்டு. கால் சும்மா இருக்கிறது. நம்பலாமா?

கனவில் அதே கார்கள், அதே தண்ணீர். இந்தத் தடவை குடித்தேன்.

10, ஞாயிறு
காஞ்சிபுரம் மைதானம். மூணு மணி நேரம் வெயிலில் வரிசை. பக்கத்துப் பெண் உதட்டை நனைப்பதோடு சரி. "குடிச்சா அப்புறம் எங்கன போறது?" என்றாள், எங்கள் ஊர்த் தெற்கத்திப் பேச்சு. பாட்டிலை நீட்டினேன். யோசித்தாள். குடித்தாள்.

ஓட்டம். கடைசி வளைவு. கால் பிடிக்கப்போகிறது, பிடிக்கப்போகிறது என்று காத்துக்கொண்டே ஓடுகிறேன், அதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டேன்.

"பாஸ்" என்றார் போலீஸம்மா. நான் அப்படியே நெளிந்துகொண்டு நிற்கிறேன்.

"இன்னாம்மா, மயக்கமா? சந்தோஷத்துல பேச்சு வரலியா?"

"இல்ல மேடம். பாத்ரூம் எங்கன இருக்கு?"